இனிக்காத டீ

எங்கள் வீட்டில் டீ போடுவது எப்போதும் நான்தான், சார். அடுப்படியில் என்னைக் கேட்காமல் ஒரு ஸ்பூன்கூட அசையாது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளுக்கு வேறென்ன ராஜ்ஜியம்?

அக்கா அப்படியில்லை. மூலிகைகளில் என்னென்ன வேதிப்பொருள் இருக்கிறது, அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று ஆராய்பவள். தனக்கே சர்க்கரை நோய் வந்ததும், தன் ஆராய்ச்சி இலையான சிறுகுறிஞ்சானை மெல்ல ஆரம்பித்தாள். ரத்தத்தில் சர்க்கரையைக் குறைக்குமாம். எனக்கு அதன் இன்னொரு குணம்தான் பிடித்தது. மென்றால் கொஞ்ச நேரத்துக்கு நாக்குக்கு இனிப்பே தெரியாது. ஒருநாள் விளையாட்டாக எனக்கும் ஓர் இலை கொடுத்து, பிறகு சர்க்கரையை அள்ளி வாயில் போட்டாள். மணலைத் தின்பதுபோல் இருந்தது. இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அப்புறம் அவளுக்கு வெளியூரில் பெரிய வேலை கிடைத்தது.

“நீ சித்தி வீட்டுக்குப் போயிடுடி. எத்தனை நாளைக்கு என் முந்தானையையே பிடிச்சுக்கிட்டிருப்ப? சுகர் மட்டும் இறங்கட்டும், நான் கிளம்பிடறேன்.”

சித்தி வீடு சந்தைக்கடை. நாலு பேரைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அக்காவிடம் மட்டும்தான் பேச்சு வரும். அதனால் சுகர் இறங்காமல் பார்த்துக்கொண்டேன்.

பெரிய வித்தையெல்லாம் இல்லை. இலை மென்ற கசப்புப் போக அவளுக்குச் சர்க்கரை போடாத டீ வேண்டும். அதில் சர்க்கரையைக் கொட்டி, அடியில் தங்காமல் ஆற்றிக் கொடுப்பேன். அதற்கொரு கைப்பக்குவம் உண்டு.

“என்னடி, டீ கஞ்சி மாதிரி இருக்கு?”

“பால் நல்ல பால்க்கா.”

சுகர் ஏறிக்கொண்டே போனது. பாவம், அவள் இலையைத்தான் சந்தேகப்பட்டாள். வெயிலில் காய்ந்துவிட்டது என்றாள். வேறு தோட்டத்திலிருந்து வரவழைத்தாள். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். செருப்புக் கடித்த புண் ஆறவில்லை. முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை. அந்த வேலைக்கு வேறு யாரோ போனார்கள். அதன்பிறகு நாங்கள் எவ்வளவு நிம்மதியாக இருந்தோம் தெரியுமா?

இன்று காலை வாய்ப்புண் என்று, இலையை மெல்லாமல் பொடியாக்கி மாத்திரைக் கூட்டில் அடைத்து விழுங்கியிருக்கிறாள். எனக்குத் தெரியாது. டீயை ஒரு வாய் குடித்தவள், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

“இனிக்குதுடி.”

ஸ்டேஷனுக்குப் போன் செய்ததும் அவள்தான். ஆமாம், நான்தான் போட்டேன், தினமும், தெரிந்தேதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது? எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கூட வரச் சொல்கிறீர்களே, அதுதான் யோசனையாக இருக்கிறது. நடக்க முடியாதவளைத் தனியாக விட்டுவிட்டு நான் எப்படி சார் வருவேன்? அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?