ஹில்டா பின்னால் போன நாள்

உங்கள் காரின் இடது பின்சக்கரத்தில் பேரிங் போய்க்கொண்டிருக்கிறது, சார்ஜென்ட். நீங்கள் வாசலில் திரும்பும்போதே கேட்டது. அடிலெய்ட் வரை தாங்கும், ஆனால் சீக்கிரம் மாற்றிவிடுங்கள். தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு இயந்திரம் சிரமப்படுவதைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. இந்த ஊரில் யார் வீட்டுத் தண்ணீர் பம்பு திக்கினாலும், யாருடைய புல்வெட்டி இருமினாலும் வெர்னாவைத்தான் கூப்பிடுவார்கள். திரும்பி வரும்போது என் கையில் முட்டையோ ஏப்ரிகாட் ஜாமோ இருக்கும். என் கண்ணெதிரே எந்த இயந்திரமும் துருப்பிடித்ததாக யாரும் சொல்ல முடியாது.

லாமிங்டன் எடுத்துக்கொள்ளுங்கள், தேங்காய்த்துருவலில் புரட்டிய சாக்லேட் கேக். என் தோழி டல்சி செய்தது. என் அண்ணன் காலினின் இறுதிச் சடங்கில் மிஞ்சியதை ஃப்ரீசரில் வைத்திருந்தேன். தேங்காய் கொஞ்சம்கூடக் கெடவில்லை.

உங்களை வரச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு முதலில் ஹில்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஹில்டா எங்கள் டிராக்டர். தாத்தா காலத்தில் கப்பலேறி வந்த ஜெர்மன்காரி. ஒரே சிலிண்டர், வாளி அகலத்துக்கு. பேட்டரி கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. முகப்பில் மூக்கு மாதிரி ஒரு இரும்புக் குமிழ் இருக்கும். அதை ஊதுவிளக்கால் சிவக்கக் காய்ச்ச வேண்டும். பிறகு ஸ்டீயரிங்கை அதன் தண்டோடு உருவி எடுத்து, பக்கவாட்டில் இருக்கும் ஃப்ளைவீல் என்ற கனத்த சக்கரத்தில் செருகி, தொட்டிலை ஆட்டுவதுபோல் முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். ஒரு ஆட்டத்தில் டொம் என்று உயிர் வரும். ஸ்டீயரிங்கைப் பழையபடி அதன் இடத்தில் வைத்துவிட்டு ஏறி உட்கார வேண்டியதுதான். முதல்தடவை பார்க்கிறவர்கள் கைதட்டுவார்கள்.

ஹில்டாவுக்கு ஒரு குணம் உண்டு. தான் எந்தப் பக்கம் சுழல்கிறோம் என்பதில் அவளுக்கு அக்கறையே இல்லை. ஆட்டம் தவறினால் எதிர்ப்பக்கமாகவும் சந்தோஷமாக ஓடுவாள். சத்தத்தில் வித்தியாசம் தெரியாது. ஆனால் அப்போது கியர்களெல்லாம் தலைகீழ். முன்னால் போகும் கியரைப் போட்டால் பின்னால் போவாள்.

அதனால் எங்கள் பழைய இயந்திரக் கழகத்தில் ஒரு வழக்கம். இந்த வகை டிராக்டரை நகர்த்துவதற்கு முன் பக்கத்தில் ஒருவர் நின்று ஃப்ளைவீலைப் பார்ப்பார். சரியான பக்கம் சுழன்றால் வலது கையைத் தூக்குவார். கை தூக்கினாலும் தூக்காவிட்டாலும் முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. இவ்வளவு இருந்தும் வருடாவருடம் யாராவது கோட்டை விடுவார்கள். போன வருடம் கிளிஃப் தன் டிராக்டரைப் பின்பக்கமாக நேரே டல்சியின் தேநீர்க் கூடாரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்.

"யோவ் கிளிஃபு, டீ வேணும்னா வரிசைல வாய்யா" என்றாள் டல்சி, கெட்டிலைக் கீழே வைக்காமலேயே. இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

ஹில்டா எனக்குச் சொந்தமில்லை. அப்பா அவளைக் காலினுக்கு எழுதி வைத்தார். ஆண்பிள்ளைக்கு டிராக்டர், பெண்பிள்ளைக்கு அம்மாவின் தையல் இயந்திரம். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் பிரித்தார்கள். காலின் அடிலெய்டுக்குப் போய் வீடு விற்கும் தொழில் செய்தான். ஹில்டா என் கொட்டகையில் எலி கூடு கட்டிக் கிடந்தாள். பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஊறவிட்டு, குளிர்காலம் முழுக்க ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டித் தட்டித்தான் அசைத்தேன். கழகத்தில் என்னைத் தவிர வேறு யாராலும் அவளை எடுத்த எடுப்பில் கிளப்ப முடியாது. நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, நெவிலைக் கேளுங்கள். நெவில் எங்கள் கழகத் தலைவர்.

காலின் ஓய்வு பெற்று ஊர் திரும்பி, கவுன்சிலில் உறுப்பினரானான். வந்த கொஞ்ச நாளில் ஒரு பிற்பகல் கொட்டகைக்கு வந்து ஹில்டாவின் மூக்கைத் தட்டினான்.

"ஏ எலிக்குட்டி, இவளுக்கு நல்ல வாழ்வு வருது தெரியுமா? ஊர் நடுவுல ரவுண்டானால மேடை கட்டி ஏத்தி வைக்கப்போறோம்."

சின்ன வயதில் வைத்த பேர் அது. எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவான். எனக்கு ஒன்றும் இல்லை.

"மேடைலயா? அப்புறம் எப்படிடா ஓட்டுறது?"

"ஓட்டுறதா? சக்கரத்தை வெல்டிங் பண்ணிடுவோம். சிலிண்டருக்குள்ள கான்கிரீட் ஊத்திட்டா குருவி கூடு கட்டாது. மேல பச்சை பெயின்ட். பசங்க ஏறி விளையாடுவாங்க."

ஹில்டா பச்சை இல்லை, சாம்பல் நிறம். அதைச் சொன்னேன். சிரித்தான். அவளை எனக்குக் கொடுத்துவிடேன் என்று கேட்டேன். நான் அவனிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"உனக்குத்தான் அப்பா தையல் மெஷின் குடுத்தாரே. அதை வெச்சுத் தைச்சியா ஏதாவது? எனக்கு ஒரு சட்டை கூட வரலியே."

போகிற போக்கில் என் தலைமுடியைக் கலைத்துவிட்டுப் போனான். எனக்கு அறுபத்திரண்டு வயது. ஆனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சிலிண்டருக்குள் கான்கிரீட் என்றால் என்னவென்று உங்களுக்குப் புரிகிறதா, சார்ஜென்ட்? அது ஒருபோதும் வெளியே வராது. ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை, இன்னும் பல காலம் ஓடக்கூடிய ஒன்றை, எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்திவிடுவது. அப்படிச் செய்ய ஒரு மனிதனுக்கு எப்படி மனம் வரும் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

பழைய இயந்திரத் திருவிழா நாள் நல்ல வெயில். ஹில்டாவைக் கம்பளிக் கிடங்கின் கல்சுவருக்கு முதுகைக் காட்டி நிறுத்தியிருந்தேன். அங்கேதான் நிழல். அவள் நின்ற இடத்திலேயே டொம் டொம் என்று நிதானமாக ஓடிக்கொண்டிருந்தாள், நான் மேலே உட்கார்ந்திருந்தேன். காலின் அளவு டேப்போடு வந்தான். மேடைக்கு அளவெடுக்க வேண்டுமாம். ஹில்டாவுக்கும் சுவருக்கும் நடுவே புகுந்தான்.

நெவில் ஒரு கையில் மைக்கோடு பக்கத்தில் நின்றிருந்தார். "காலின், வெளிய வாய்யா. அங்க மாமியாரைத் தவிர வேற யாரையும் நிறுத்தக் கூடாதுங்கறது கழக விதி" என்றார் மைக்கிலேயே. எல்லோரும் சிரித்தார்கள்.

"எலிக்குட்டி, கொஞ்சம் முன்னாடி எடும்மா. டேப்பு பிரிய மாட்டேங்குது" என்றான் காலின். மைக் அதையும் பிடித்துவிட்டது. கூட்டத்தில் யாரோ எலிக்குட்டி, எலிக்குட்டி என்று சொல்லிப் பார்த்தார்கள்.

முன்னால் எடுக்கச் சொன்னது அவன்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

நெவில் குனிந்து ஃப்ளைவீலைப் பார்த்து வலது கையைத் தூக்கினார். சரியாகத்தான் பார்த்தார். ஆனாலும், "மொதல்ல நீ வெளிய வா" என்று மறுபடி சொன்னார்.

"முன்னாடிதானே போகப்போகுது? நீயே கையைத் தூக்கிட்ட. இன்னும் என்னய்யா பயம்?"

நெவில் அவனைக் கூப்பிட அந்தப் பக்கம் திரும்பினார். அப்போது நான் எஞ்சினின் வேகத்தைக் குறைத்தேன். மிகவும் குறைத்தால், பிஸ்டனுக்கு உச்சி வரை ஏற வலு போதாது. தயங்கும். தயங்கித் திரும்பும். அடுத்த டொம் எதிர்ப்பக்கத்தில் விழும். இது தானாக நடப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்ய நல்ல காது வேண்டும். அந்த மாதம் முழுவதும் கொட்டகையில் பழகியிருந்தேன், கதவைச் சாத்திக்கொண்டு. நன்றாக வந்தது.

முன்னால் போகும் கியரைப் போட்டேன். கிளட்சை விட்டேன்.

ஹில்டா அவசரப்படுகிறவள் இல்லை. கிளட்சை மிதித்தால் நின்றிருப்பாள். அதற்கு நேரம் இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. அவன் "வெர்னா" என்று கூப்பிடக்கூட நேரம் இருந்தது. அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எவ்வளவோ காலமாகிறது. சுவர் வரை போனதும் எஞ்சினை அணைத்தேன். எதிர்ப்பக்கமாக அதிக நேரம் ஓடுவது அவளுக்கு நல்லதில்லை.

எல்லோரும் என்னிடம் மிகவும் அன்பாக இருந்தார்கள். டல்சி என்னைப் போர்வையால் சுற்றி, இனிப்பாகத் தேநீர் கொடுத்தாள். கிளிஃப் அழுதார். என் டிராக்டரும் இப்படித்தானே பண்ணிச்சு, நாம சிரிச்சுக்கிட்டு இருந்தோமே என்றார். அங்கே இருந்த அத்தனை பேரும் உங்கள் ஆட்களிடம் ஒரே மாதிரிச் சொன்னார்கள். பழைய இயந்திரம், பாவம் வெர்னா. நெவில்தான் சரியாகச் சாப்பிடுவதில்லை என்கிறார்கள். தான் தப்பாகக் கை தூக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையைச் சொல்லியிருக்கலாம்தான். இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி ஒன்று சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

விஷயம் அத்தோடு முடிந்திருக்கும். இந்த வாரம் கவுன்சில் கூடியது. காலினின் நினைவாக ஹில்டாவை ரவுண்டானாவில் வைப்பது என்று ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். மேடையில் அவன் பெயர். சிலிண்டருக்குள் கான்கிரீட், யாருக்கும் இனி ஆபத்து வரக் கூடாதாம். கலவை வண்டி திங்கட்கிழமை வருகிறது.

அதனால்தான் உங்களைக் கூப்பிட்டேன். விபத்து என்றால் அவள் கவுன்சிலின் பொருள், காலின் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டான். கொலை என்றால் சாட்சிப் பொருள் அல்லவா? சாட்சிப் பொருளை யாரும் தொடக் கூடாது, வெல்டிங் பண்ணக் கூடாது. நீதிமன்றத்தில் அவள் எப்படித் திரும்பினாள் என்று ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். நானே வந்து காட்டுகிறேன். அதுவரை உங்கள் கொட்டகையில் ஈரம் படாமல் வையுங்கள். வாரம் ஒருமுறை ஃப்ளைவீலைக் கையால் சுற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் இறுகிவிடும். கழகத்தில் யாரையாவது கேட்டால் ஆனந்தமாக வருவார்கள். நெவிலை மட்டும் கேட்க வேண்டாம்.

ஆமாம், நான் என் அண்ணனைக் கொன்றேன். ஹில்டாவுக்காகச் செய்தேன். அவன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை, அன்றும் இல்லை, இன்றும் இல்லை. வேறு கேள்வி இருந்தால் கேளுங்கள், பிறகு என் மேல்கோட்டை எடுத்துக்கொண்டு உங்களோடு வருகிறேன்.

எது, கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் மழையில் கிடக்கிறதே, அதுவா? அது அம்மாவின் தையல் இயந்திரம். எப்படி அங்கே போனது என்று நினைவில்லை. சக்கரம் இப்போது சுற்றாது, ஊசி போகும் இடமெல்லாம் துரு. நல்ல இயந்திரம்தான். எண்ணெய் விட எனக்குத்தான் நேரமே கிடைக்கவில்லை.