மாமாவின் லாரி டேங்கில் நான் ஊற்றியது

நான் சுண்டு. வயது இருபத்து மூன்று. இப்போது மாமாவின் லாரிக்குள், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்கிறது. அக்கா, இங்கே எல்லாரும் நலம். எனக்குச் சளி விட்டுவிட்டது. பொரித்த எண்ணெயை வடிகட்ட எத்தனையோ துணிகளைப் போட்டுப் பார்த்தேன். பழைய பனியன்தான் சிறந்தது.

லாரி பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுபோயிருக்கிறது. வெளியே உன் வீட்டுக்காரர், மெக்கானிக், லாரியை வாங்க வந்த காய்கறி வியாபாரி, மூன்று பேரும் இன்ஜினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏன் நின்றது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"வண்டிய ஒரு நல்ல கையில ஒப்படைச்சிட்டு, குழந்த பிறக்கறதுக்குள்ள ஊருக்கு வந்துடறேன்" என்று மாமா உன்னிடம் போனில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். நீ சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

நீ எங்கள் அறையைப் பார்த்ததில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு கட்டில். மேலே நான், கீழே அவர். அவர் குறட்டை உனக்குத் தெரியும். ஆரம்பத்தில் தலையணையால் காதைப் பொத்திக்கொண்டேன். இப்போது அது இல்லாமல் தூக்கம் வருவதில்லை. இந்த நாட்டுப் பாஷை எனக்குக் காதில் ஏறும், வாயில் வராது. ரொட்டி வாங்குவதென்றாலும் கடையில் அவர்தான் பேசுவார். பல் டாக்டரிடம் எந்தப் பல் வலிக்கிறது என்று அவர்தான் சொன்னார். தப்பான பல்லைத்தான் சொன்னார், ஆனாலும் எனக்காகச் சொன்னார். அவர் கிளம்பிவிட்டால் இந்த ஊரில் எனக்கு வாயே இல்லை.

கேன்டீனில் பாத்திரம் கழுவுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. பொரித்து மிஞ்சிய எண்ணெயை வெளியே கொண்டுபோய்க் கொட்டுவதும் என் வேலைதான். அதிலிருந்து பயோடீசல் செய்து லாரி ஓட்டலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். காற்று கெடாது, பூமிக்கு நல்லது என்று மாமாவிடம் சொன்னேன். பூனை குறுக்கே வந்தால் அது போய் உட்காரும்வரை வண்டியை நிறுத்திவைக்கிற மனிதர். உடனே சரி என்றுவிட்டார்.

செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வடிகட்டிய எண்ணெயைச் சூடாக்கி, மெத்தனாலும் காஸ்டிக் சோடாவும் கலந்து விட்டுவைத்தால் இரண்டாகப் பிரிந்து நிற்கும். மேலே தேன் நிறத்தில் நிற்பது பயோடீசல். அதைத் தண்ணீரில் கழுவி, ஈரம் போகக் காயவைத்து ஊற்ற வேண்டும். கீழே கூழ்போலக் கறுப்பாகத் தங்குவது கிளிசரின். அதை டேங்க் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

முதல் தடவை ஊற்றும் முன்னால் மெக்கானிக் எங்களிடம் சொன்னார். "பழைய வண்டிப்பா. டேங்க் சுவர்ல வருஷக்கணக்கா அழுக்கு படிஞ்சு கிடக்கு. இது அத்தனையையும் கரைச்சிட்டு வந்து ஃபில்டர அடைச்சிடும். டீசலோட கொஞ்சம் கொஞ்சமா கலந்து ஊத்து. கையில ரெண்டு ஃபில்டர் வச்சுக்க."

அவர் எச்சரித்தார். எனக்கோ யாரோ கையைப் பிடித்து வழிகாட்டியது போல இருந்தது. டேங்க் நிரம்ப ஊற்றினேன். மாமா வாங்கிவந்த இரண்டு ஃபில்டரையும் என் மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வியாபாரி ஓட்டிப் பார்க்க வந்தார். லாரி கிளம்பியதும் புகையில் பொரியல் வாசனை தெருவையே தூக்கியது.

"என்னங்க, உள்ள மீன் பொரிக்கிறீங்களா?" என்றார்.

"இன்ஜின் வாசனைங்க. பசிக்குதா?" என்றார் மாமா.

"ரொம்ப."

"அப்ப வண்டி நல்லா ஓடுதுன்னு அர்த்தம்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, லாரி இரண்டு குலுக்கு குலுக்கி நின்றது. வியாபாரி நடந்தே வீட்டுக்குப் போனார். வாசனைக்குப் பின்னால் ஓடிவந்த நாய்கள் மட்டும் எங்களோடு நின்றன.

அதற்குப் பிறகுதான் எனக்குச் சங்கடம். அழுக்கெல்லாம் கரைந்து வந்து, மாமா புது ஃபில்டர் வாங்கிப் போட்டதும், லாரி பிறந்தபோதுகூட அப்படி ஓடியிருக்காது. மெக்கானிக் அதைத் தட்டிக்கொடுத்து, "பொண்ணு பாக்கப் போற மாப்பிள்ள மாதிரி இருக்கான்யா" என்றார். நல்லது செய்யப் போய்க் கெட்டதில் முடிந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நேர்மாறாக நடந்தது.

வியாபாரி மறுபடி வந்தார். இந்த முறை பயோடீசலைக் கழுவினேன், காயவைக்கவில்லை. தண்ணீரோடு ஊற்றினேன். சந்தை வாசலில் இருமி இருமி நின்றது.

அந்த வாரம்தான் பாப்பா பிறந்தாள். நீ போனில் காட்டியபோது மாமா லாரிக்கு அடியிலிருந்து தவழ்ந்து வந்தார்.

"மூக்கு என்னோடதா? திருப்பு, இந்தப் பக்கம் திருப்பு. டேய் மாப்ள, லைட்ட என் மூஞ்சில அடி. அவளும் பாக்கட்டும்."

நான் டார்ச்சை அவர் முகத்தில் அடித்தேன். முகம் முழுக்க கிரீஸ். பாப்பா வீறிட்டு அழுதாள்.

"பூச்சாண்டின்னு நினைச்சிட்டா" என்று சிரித்தார். பிறகு லாரிக்கு அடியில் போனவர் வெகுநேரம் வரவில்லை. பழுது பார்க்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறாய். நன்றாக இருக்கிறார். சாயங்காலமானால் கழற்றிப் போட்ட ஃபில்டர் ஒன்றைத் துண்டில் சுற்றி, கையில் ஏந்தி, அறைக்குள் நடக்கிறார். "கழுத்த இப்படித் தாங்கிப் பிடிக்கணும் மாப்ள. இல்லன்னா மடங்கிடும்" என்று எனக்கும் சொல்லித்தருகிறார். பாப்பாவுக்குத் தலை நின்றுவிட்டது என்று நீ சொன்னதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஆசையாகப் பழகுகிறார், கெடுப்பானேன்.

நீ நியாயம் தெரிந்தவள், நீயே சொல். பாப்பாவுக்கு அப்பா இல்லை என்பது பாப்பாவுக்குத் தெரியாது. மாமா இல்லை என்றால் எனக்குத் தெரியும். யாருக்குக் கஷ்டம் அதிகம்?

வியாபாரி மனம் மாறி இன்று மூன்றாம் தடவையாக வந்தார். அவருடைய சொந்த லாரி படுத்துவிட்டதாம். நின்றாலும் பரவாயில்லை, வாங்கிக்கொள்கிறேன் என்று நேற்றே போனில் சொல்லிவிட்டார். ஆகவே காலையில் மேலே நின்றதை நான் தொடவே இல்லை. கீழே தங்கிய கிளிசரினை வழித்து டேங்கில் ஊற்றினேன்.

இரு, மெக்கானிக் ஏதோ கத்திச் சொல்கிறார்.

"பம்ப்பே போச்சுங்க. யாரோ கூழ ஊத்தின மாதிரி இருக்கு."

"கூழா? அதான் இன்னிக்கு எனக்குப் பசிக்கவே இல்ல" என்கிறார் வியாபாரி.

மாமா வந்து கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன்.

"யாருகிட்டடா இவ்வளவு நேரம்?"

"அக்காகிட்ட மாமா."

"அழுவுறாளா?"

"இல்ல மாமா."

"சொல்லிடு. வண்டிய இவர்கிட்ட அப்படியே விட்டுட்டேன், பழைய இரும்புக்குப் போட்டாலும் சரி. நான் நாளைக்குக் கிளம்பறேன்." என் கையைப் பார்த்தார். "போய்க் கையக் கழுவிக்க. அது காஞ்சா பிடிச்சுக்கும்."

விரல் இடுக்கில் கறுப்பாக ஒட்டியிருந்தது. நானே கவனிக்கவில்லை. இந்த நேரத்திலும் என் கைமேல் அவருக்கு எவ்வளவு அக்கறை பார். இப்படிப்பட்ட மனிதரை யார் விடுவார்கள்?

பெட்டி கட்ட அறைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பாஸ்போர்ட்டைத் தேடுவார், கிடைக்காது. நேற்று அதைப் பல பைகளில் சுற்றிக் கட்டி, எண்ணெய் டிரம்முக்குள் அடியில் போட்டுவிட்டேன். நனையாது. அதில் கவனமாக இருந்தேன்.

வீட்டில் இதை முதலில் படிப்பது யாராக இருந்தாலும் அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். அக்கா, மாமா உன்னைக் கூப்பிடுவார், குரல் ஒரு மாதிரி இருக்கும். பாப்பாவுக்கு இன்னும் நினைவு நிற்கிற வயது இல்லை, இப்போது வந்து பார்த்தாலும் அவளுக்கு ஞாபகம் இருக்காது. அவசரம் ஒன்றும் இல்லை, நிதானமாக வாங்க என்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு.