நண்டுக்குத் திகதி தெரியாது

“ஹலோ... ஓம், யசிந்தாதான்... ஓம் தம்பி, ஓம், ஓம்... கேக்குது, சொல்லும்.”

குருநகர்க் கரையில் நண்டுத் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் செருகிக்கொண்டாள். அழைத்தவன் சுஜீவன், திட்ட அலுவலகத்துப் பொடியன். நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தும் கடல்வளத் திட்டம் அது. வலையில் முட்டையோடு அகப்படும் நண்டை வள்ளக்காரர் விற்காமல் யசிந்தாவிடம் கொடுப்பார்கள். அவள் அதைத் தொட்டியில் விட்டு, பொரித்ததும் குஞ்சுகளைக் கடலில் சேர்ப்பாள். அந்த நாடுகளின் பிரதிநிதிகள் யாழ்ப்பாணம் வந்து விடுதியில் இறங்கியிருந்தார்கள். நாளைக் காலை பத்து மணிக்குத் தங்கள் கையாலேயே குஞ்சுகளைக் கடலில் விடுவதாக ஏற்பாடு. திட்டம் தொடருமா, இத்தோடு முடியுமா என்பது அவர்கள் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது.

“தொட்டியோ?... தொட்டி பளபளவெண்டு இருக்கு... குஞ்சோ?... தம்பி, நீர் இப்ப நிக்கிறீரோ, இருக்கிறீரோ?... இல்லை, சும்மா கேட்டனான். இருந்துகொண்டு கேளும்.”

விடியும்போதே எல்லா முட்டையும் பொரித்துவிட்டதை அவள் மெல்லச் சொன்னாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போய்விட்டது. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் நின்றால் குஞ்சுகள் தப்பாது. அவளும் தமையன் சிமியோனும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வாளி வாளியாகக் கடலில் ஊற்றி முடித்திருந்தார்கள்.

“ஓம், எல்லாம்தான்... நாளைக்கெண்டு எனக்குத் தெரியும் தம்பி, நண்டுக்குத்தான் தெரியேல்லை. நாலு நாடும் சேர்ந்து திகதி குறிச்சனீங்கள், நண்டுக்கொரு கடிதம் போட்டனீங்களோ?... சிரிக்கேல்லை... சரி, கொஞ்சம் சிரிச்சனான்... படமோ? ரண்டு கையிலையும் வாளி. பல்லாலையோ படம் எடுக்கிறது?”

சுஜீவன் வேகவேகமாகப் பேசப் பேச, அவள் முகத்திலிருந்த சிரிப்புப் போய்விட்டது.

“என்ன?... இறால் குஞ்சோ?... ஆரிட்டை வாங்கி?... ஓம், எல்லாம் தூசி மாதிரித்தான் இருக்கும், வெளிநாட்டிலையிருந்து வந்தவைக்கு வித்தியாசம் தெரியாதுதான்... பொறும், தம்பி. நான் சொல்லுறதைக் கேளும்.”

அவள் குரலைத் தாழ்த்தினாள். சற்றுத் தள்ளி வள்ளக்காரன் பேதுரு தன் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தான்.

“அவைக்குத் தெரியாது, பேதுருவுக்குத் தெரியும். முட்டை நண்டைத் தா எண்டு அவன்ரை வாசலிலை எத்தினை நாள் போய் நிண்டனான்? என்னைக் கண்டால் வள்ளத்தைத் திருப்பிக்கொண்டு போனவன். இப்ப பதினாலு வள்ளம் தருகுது. நாளைக்கு நான் இறாலைக் காட்டி நண்டெண்டு சொன்னால், நாளையிண்டைக்கு ஒருத்தனும் தரமாட்டான்... திட்டம் நிண்டால் நிக்கட்டும். கடலும் நாங்களும் இஞ்சைதானே இருக்கப்போறம்.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. இந்த வரவுக்காக அவன் மூன்று வாரம் சாப்பாடு மறந்து ஓடித்திரிந்தது அவளுக்குத் தெரியும். மனம் இளகிவிட்டது.

“தம்பி... நிக்கிறீரோ?... அழுறீரோ?... தடிமனோ? சரி, தடிமனெண்டே வைப்பம்... ஒரு நிமிசம், வைக்காதையும்.”

பேதுரு வந்து கூடையை நீட்டினான். அதற்குள் ஒரு தாய் நண்டு. அவள் புரட்டி வயிற்றைப் பார்த்தாள். முட்டை மண்ணிறமாக இருந்தது. கறுத்த பிறகுதான் பொரிக்கும்.

“ஒண்டு வந்திருக்கு... ஓம், முட்டையோடைதான்... நாளைக்குப் பொரியாது, மூண்டு நாள் செல்லும்... நான் என்ன, அமத்திப் பிதுக்கிறதோ?... அப்ப அவையை நிக்கச் சொல்லும்... ஏன் கேக்கேலாது? அவ்வளவு தூரம் பறந்து வந்தவை மூண்டு நாள் இருக்கமாட்டினமோ?... விடுதியிலை உமக்குப் பக்கத்திலைதானே நிக்கினம்? போய் நடந்ததை நடந்தபடி சொல்லும். நான் நிக்கிறன்.”

அவன் ஆங்கிலத்தில் தடுமாறுவது தூரத்தில் கேட்டது. அவள் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, நண்டை மெதுவாக உள்ளே விட்டாள். கைபேசிக்குள் யாரோ ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள்.

“ஓம்... மெய்யாத்தானோ? மூண்டு நாளும் நிப்பினமோ?... ஆர், இப்ப சிரிச்ச மனிசியும் இன்னொராளுமோ?... மற்றவை பிளேன் ஏறவேணுமாமோ? பறவாயில்லை, ரண்டு பேர் நிண்டாலே காணும்... பத்து மணிக்கில்லை, ஒவ்வொரு நாளும் விடிய அஞ்சு மணிக்கு வந்து பாக்கட்டும். சப்பாத்தைக் கழட்டவேணும்... நீரும்தான். நீந்தத் தெரியாட்டில் என்ன, நான் பிடிக்கிறன்... ஓம், சாப்பாடு என்ரை வீட்டிலைதான். மீன் தருவன், கணவாய் தருவன். நண்டுக்கறி மட்டும் கேக்கவேண்டாமெண்டு இங்கிலீசிலை வடிவாச் சொல்லிப்போடும்... சரி தம்பி, வைக்கிறன்.”