கடிக்கும், வாய்ப்பூட்டு போடணும்

– அக்கா, கையைக் கழுவிட்டு வெளிய வா. என் கல்யாணம் போச்சு.

– நாய் பாதி ஷாம்புல நிக்குதுடா கண்ணு. அங்கிருந்தே அழு, கேக்குது.

– பொண்ணோட அப்பாவுக்கு மெயில் அனுப்பினேன். கல்யாணத் தேதி கேட்டு, மதிப்பிற்குரிய ஐயான்னெல்லாம் போட்டு. அவருக்குப் போனப்போ அவர் பேர் வர்ற இடத்துல என்ன வந்துச்சு தெரியுமா? "கடிக்கும், வாய்ப்பூட்டு போடணும்"!

– அட, அந்த ஆளா உன் மாமனாரு? அது நான் கடை மெயில்ல எழுதி வச்சதாச்சே. உன்கிட்ட எப்படிடா வந்துச்சு?

– நேத்து நான்தான் என் வீட்டு மெயில், ஆபீஸ் மெயில், உன் கடை மெயில், மூணுக்கும் சேர்த்து ஒரே அட்ரஸ் லிஸ்டா ஆக்கினேன். ஒரு இடத்துல மாத்தினா எல்லா இடத்துலயும் மாறும், வேலை மிச்சம்னு.

– மிச்சமாச்சா?

– நக்கல் பண்ணாத. அவர் மெயில் ரெண்டு தடவை இருந்துச்சு. ஒண்ணாக்கட்டுமான்னு ஃபோன் கேட்டுச்சு, சரின்னேன். நான் எழுதின பேரைத் தூக்கிட்டு உன்னோடதை வச்சுக்கிச்சு.

– ஆடாம நில்லு ராஜா! உன்னை இல்லடா, நாயைச் சொன்னேன்.

– எங்க மேனேஜருக்கு லீவு கேட்டு அனுப்பினேன். அவர் பேரு இப்போ "உண்ணி ஜாஸ்தி, காதுக்குள்ள பாக்கணும்". மனுஷன் காலையிலேர்ந்து காதைத் தடவிட்டே உக்காந்திருக்கார்.

– அவர் நாய்க்கு நிஜமாவே உண்ணிடா.

– யார் பேரையும் எழுதவே மாட்டியா நீ?

– பேரை வச்சு நான் என்ன பண்ண? கடிக்குமா கடிக்காதான்னு தெரிஞ்சாதான என் கை தப்பும்.

– பொண்ணு மெசேஜ் போட்டுட்டே இருக்கா. அப்பா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு, மறுபடி மாட்டி, அதையே திரும்பத் திரும்பப் படிக்கிறாராம்.

– சரி, பதறாத. நான் ஒண்ணு சொல்றேன், கேளு...

– உன் பேச்சைக் கேட்டா நான் கடைசி வரைக்கும் பிரம்மச்சாரிதான். நானே விளக்கி எழுதுறேன். "ஐயா, அக்கா நாய்களுக்கு முடி வெட்டுற கடை வச்சிருக்காங்க. அது உங்க செல்ல நாயைப் பத்தின குறிப்பு. உங்களைப் பத்தி இல்லவே இல்லை." எப்படி?

– டேய், அனுப்பாத! முதல்ல நான்...

– அனுப்பிட்டேன். அப்பாடா, இப்பத்தான் மூச்சே வருது. ஏன்க்கா அப்படி முழிக்கிற?

– அவங்க வீட்ல நாய் இருக்குன்னு உனக்கு யாருடா சொன்னா?

– நாய்க் கடைக்கு நாயில்லாம யாரு வருவா?

– குரைப்புச் சத்தத்துல தூங்க முடியலன்னு சண்டைக்கு வருவாங்க. உன் மாமனாரு அப்படித்தான், மேசையைத் தட்டி, எம்மேல பாஞ்சு, போதாததுக்கு அடுத்தடுத்துப் புகார் மெயில் வேற. அந்தக் குறிப்பு அவரைப் பத்திதான்டா கண்ணு.

– ஐயோ! இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா?

– எங்க பேச விட்ட? அங்க பாரு, ஃபோன்ல ஏதோ வந்திருக்கு.

– அவ அம்மா. போச்சு, எல்லாம் போச்சு.

– படிடா.

– "தம்பி, எங்க வீட்ல நாயே கிடையாது. ஆனா எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்துல, இவரைச் சரியாப் புரிஞ்சுக்கிட்ட முதல் குடும்பம் உங்களோடதுதான். தேதியை நானே குறிச்சுட்டேன்."