முப்பத்தொன்பதுக்குக் கீழே இறங்காத ஊர்

இரவு இரண்டு மணி. சுரங்கத்திலிருந்து கொதிகலன் கூடத்துக்கு வரும் கரிச் சாலை. ஒரு நாய்கூட இல்லை. பனியில் பூட்ஸ் மிதிபடும் சத்தம் மட்டும்... கறுக்... கறுக்... பிறகு அதுவும் நின்றுவிட்டது. அதற்கப்புறம்தான் போன் அடித்தது.

இது என் மச்சானுடைய ஒன்றுவிட்ட தம்பி துமெனுக்கு நடந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், இதே மாதிரி ஒரு கொதிகலன் கூடத்தில். அடுப்புப் பக்கம் நகர்ந்து உட்காருங்கள். அந்த போனுக்கு முதுகைக் காட்டி யாரும் உட்கார வேண்டாம்.

அங்கேயும் சுவரில் அட்டவணைதான். வெளியே முப்பது என்றால் வீடுகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குப் போகும் குழாயில் எழுபத்து நாலு டிகிரித் தண்ணீர், முப்பத்தொன்பது என்றால் எண்பத்திரண்டு. குளிர்காலத்தில் நம்மில் யார் ‘மைனஸ்’ சொல்கிறோம்? எண் போதும். ஆனால் அந்த எண் வெளியிலிருந்து வராது. தலைமை அலுவலகத்திலிருந்து மணிக்கொரு தடவை போனில் வரும்.

காரணம், ஊர் நிர்வாகத் தலைவர் வெனியமின் கர்போவிச். நாற்பது ஆகிவிட்டால் பள்ளிக்கூடத்தை மூட வேண்டும், மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். ஆகவே அவர் பதவியேற்ற பதினொரு வருடமாக அந்த ஊரில் முப்பத்தொன்பதுக்குக் கீழே குளிர் இறங்கியதே இல்லை. அட்டவணையின் கடைசி வரிகள் மேல் காகிதம் ஒட்டி, அதற்கு முத்திரையும் வைத்திருந்தார். அவர் அறையில் தனியாக இரண்டு மின் அடுப்புகள் இருந்தது வேறு விஷயம்.

முன்பு அங்கே திகோன் என்று ஒரு கிழட்டுத் தொழிலாளி இருந்தார். போன் எண்ணை நம்ப மாட்டார். கரிச் சாலை விளக்குக் கம்பத்தில் ஒரு பழைய வெப்பமானி உண்டு. மணிக்கொரு தடவை நடந்துபோய்ப் பார்த்து, உண்மையான எண்ணை அலுவலகத்துக்கே போன் போட்டுச் சொல்வார். ஒரு ஜனவரியில், விடியும்போது, அந்தக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கோட்டு பக்கத்தில் அழகாக மடித்து வைத்திருந்தது. உறைகிறவனுக்குக் கடைசியில் உடம்பு எரியும், தெரியுமே. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். முப்பத்தெட்டில் நம் ஊர்க்காரன் உறைய மாட்டான் என்று வெனியமின் கர்போவிச் இரங்கல் உரையிலேயே சொன்னார். உயிரைப் பறித்த குற்றத்துக்காக வெப்பமானியைக் கழற்றிவிட்டார்கள்.

அந்த வேலைக்குத்தான் துமென் வந்தான். மனைவி சொயொல்மா. மகள் அர்யுனா, இந்தச் சம்பவம் நடந்த அன்று பிறந்து பதினொரு நாள். வீடு, குழாயின் கடைசிக் கட்டடத்தில். தண்ணீர் அங்கே போய்ச் சேரும்போது வெறும் பெயருக்குத்தான் சூடு.

அன்று இரவு ஒரு மணிக்கு சொயொல்மா போன் செய்தாள்.

“ரேடியேட்டரைத் தொட்டா பொணத்தைத் தொட்ட மாதிரி இருக்கு. பாப்பா உதடு நீலமாயிடுச்சு. ஏதாச்சும் செய்யுங்களேன்.”

துமென் அலுவலகத்துப் பெண் லூசாவைக் கூப்பிட்டுக் கெஞ்சினான்.

“எழுதிக் குடுத்ததைத்தாண்ணே படிக்கிறேன். முப்பத்தெட்டு. நான் என்ன ஜன்னலைத் திறந்தா பாக்கறேன்?”

தானாகவே சூட்டைக் கூட்டியிருக்கலாமே என்பீர்கள். கூட்டிய இரண்டு பேருக்கு அவனுக்கு முன்பே வேலை போயிருந்தது. வேலை போனால் வீடும் போகும். பதினொரு நாள் குழந்தையோடு எங்கே போவது?

இரண்டு மணி. போன். இது லூசா இல்லை. இழுத்து இழுத்து மூச்சு... ரிசீவரில் நனைந்த கம்பளி வாடை, மட்டமான புகையிலை வாடை.

“அம்பத்து நாலு.”

வைத்துவிட்டார்கள்.

மூக்குக்குள் மயிர் குத்தும் குளிர் அது. ஐம்பத்து நாலேதான். முதல் தடவையாக அந்த போன் உண்மை பேசியிருக்கிறது. துமென் அட்டவணை மேல் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழித்தான். தொண்ணூற்றைந்து. கரியை வாரி வாரிப் போட்டான். அரை மணியில் சொயொல்மா கூப்பிட்டாள். சூடு வந்துவிட்டது, குழந்தை தூங்குகிறது என்றாள். அவன் அடுப்பு முன்னால் உட்கார்ந்து அழுதான்.

மூன்று மணி. அதே மூச்சு.

“நாப்பது.”

காற்று திரும்பியிருக்கும். அட்டவணைப்படி குறைத்தான்.

நான்கு மணி.

“இருபது.”

ஜன்னலில் விரல் தடிமனுக்கு ஐஸ். வெளியே போய்ப் பார்க்க வெப்பமானி இல்லை, கொதிகலனை விட்டு நகர்வதும் குற்றம். அத்தோடு, இந்தக் குரல் பொய் சொல்லாத குரல். சொன்னதை எழுதினான். வால்வைத் தன் கையாலேயே திருகிக் குறைத்தான்.

ஐந்து மணி.

“நாலு.”

துமென் கேட்டான்: “ஐயா... எங்க நின்னு பாக்கறீங்க?”

மறுபடி அதே மூச்சு.

“நிக்கல தம்பி. கம்பத்துல சாஞ்சு உக்காந்திருக்கேன். வெதுவெதுன்னு இருக்கு... கோட்டைக் கழட்டிட்டேன்.”

வால்வை முழுக்கத் திறந்துவிட்டு ஓடினான். கட்டடத்தின் படிகளில், உள்பக்கம், ஐஸ். வீட்டுக் கதவு பூட்டவில்லை. ஜன்னல் அகலத் திறந்திருந்தது. சொயொல்மா உள்பாவாடையோடு கட்டிலில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். குழந்தையின் துணிகள் பக்கத்தில், அழகாக மடித்து.

“ஒரே புழுக்கம்ங்க,” என்றாள். “பாப்பா இப்பதான் தூங்கிச்சு.”

இரண்டு பேரும் பிழைத்தார்கள். எப்படி என்று மருத்துவர் எழுதவில்லை, கேட்கவும் இல்லை. ஒரு மணிக்கு மேல் தான் கூப்பிடவே இல்லை என்று லூசா அழுதாள். வெனியமின் கர்போவிச் பதிவேட்டைப் புரட்டினார். ஐம்பத்து நாலையும் நாற்பதையும் மையால் அடித்தார். மற்றதெல்லாம் அட்டவணைப்படி சுத்தம். அந்த வாரத்திலேயே மிகக் குறைவான கரி. மண்டபத்தில் கூட்டம் போட்டு, ‘வானிலை அறிந்து வேலை செய்தவர்’ என்று துமெனுக்குப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார். அவன் கை குலுக்கினான். வேறென்ன செய்வான்.

அர்யுனாவுக்கு இப்போது ஏழு வயது. கெட்டிக்காரி. ஆனால் இந்த ஜனவரியில் தூக்கத்தில் பேச ஆரம்பித்திருக்கிறாள். முதல் வாரம் ஐம்பத்து நாலு என்றாளாம். அடுத்த வாரம் நாற்பது.

நேற்று துமென் எனக்குப் போன் செய்தான். இருபது என்றாளாம். போர்வையை அவளோடு சேர்த்துக் கட்டிலில் கயிற்றால் கட்டி, முடிச்சும் போட்டு, பக்கத்திலேயே விழித்து உட்கார்ந்திருந்திருக்கிறான். கொஞ்சம் கண் அசந்துவிட்டது.

விழித்தபோது அவள் கட்டிலிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள், போர்வை நாற்காலி மேல் இருந்தது. மடித்து. கயிற்றின் முடிச்சுகள் அவிழவில்லை.