சத்தம் வராத வகுப்பு

ஜூலை பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, மதிய உணவு மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் நகருக்கு மேலே இருந்த ஏரியின் கரை உடைந்தது. எங்கள் பள்ளி நகரிலேயே தாழ்வான தெருவில் இருக்கிறது.

லீடர் என்றால் பெரிய வேலை ஒன்றுமில்லை. சாக்பீஸ் எடுத்து வர வேண்டும், கரும்பலகையைத் துடைக்க வேண்டும், மிஸ் இல்லாதபோது சத்தம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எட்டாம் வகுப்புக்கு இந்த ஆண்டு நான்தான் லீடர்.

கீழே தண்ணீர் ஏறியதும் மிஸ் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளையும் எங்கள் மாடி அறைக்கு ஏற்றிவிட்டார். எதிர்க் கட்டடத்தில் இருந்த குழந்தைகளைப் பார்க்க இறங்கும்போது சொன்னார்: "நான் வர்ற வரைக்கும் ஒரு சத்தம் வரக் கூடாது. பேசுறவங்கள வெளியில நிக்க வை. உன்ன நம்பித்தான் போறேன்." அவர் அந்தப் பக்கம் சேர்ந்த சில நிமிடங்களில் நடுவில் இருந்த மைதானம் ஆறாகிவிட்டது. அவரால் திரும்ப முடியவில்லை.

பெரியவர்கள் இல்லாத இடத்தில் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்பதைச் சீக்கிரமே பார்த்தேன். சின்னவர்கள் அழுதார்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் இன்னொருவனின் சாப்பாட்டு டப்பாவைப் பிடுங்கப் பார்த்தான். தராதவனின் கையைக் கடித்தான். சும்மா இல்லை, பல் பதிந்து ரத்தம் கசிந்தது. இப்படியே விட்டால் ஒருவரை ஒருவர் தின்றுவிடுவார்கள் என்று எனக்குப் பட்டது.

மேசையைத் தட்டினேன். எல்லோரையும் கை கட்டி, உதட்டில் விரல் வைத்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார்கள். டப்பாக்களை வாங்கிச் சமமாகப் பங்கிட்டேன், சின்னப் பிள்ளைகளுக்கு முதலில். இதை யாரும் விசாரணையில் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். துணை லீடரைக் கதவருகே நிறுத்தினேன். வகுப்பிலேயே உயரமானவன், தூண் என்று கூப்பிடுவோம்.

ரேடியோ மட்டும் அடங்கவில்லை. வாய் ஓயாததால் அவனுக்கு அந்தப் பெயர்.

"லீடரம்மா, கீழ மீனெல்லாம் வந்திருக்கு. அட்டெண்டன்ஸ் எடுக்கலையா?"

எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் வகுப்பில் இருந்த அவன் தங்கைகூட அழுகையை விட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பும் சத்தம்தான்.

"இனிமே ஒரு வார்த்த பேசினா வெளிய நிக்கணும்" என்றேன்.

"வெளிய எங்க நிக்கிறது? மிதக்கத்தான் முடியும்."

அப்போது தெருவில் படகு வந்தது. ரேடியோ பெஞ்சில் ஏறி ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கத்தினான். "அண்ணே, இங்க, இங்க பாருங்கண்ணே." நாலைந்து பேர் எழப் பார்த்தார்கள். நான் உதட்டில் விரலை வைத்தேன், உட்கார்ந்துவிட்டார்கள். படகுக்காரர் நிமிர்ந்து பார்த்தார், கையை ஆட்டினார், மருத்துவமனைப் பக்கம் போய்விட்டார். அவர் சொன்னதை நீங்களே எனக்கு வாசித்துக் காட்டினீர்கள்: பிள்ளைகள் வரிசையாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே டீச்சர் இருக்கிறார் என்று நினைத்தேன், அடுத்த நடையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று போனேன். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினீர்கள். தவறாக நினைக்காதீர்கள், எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

பேசியதற்கான தண்டனையைக் கொடுத்தேன். தூண் ரேடியோவை வெளியே தள்ளினான், நான் தாழ்ப்பாள் போட்டேன். கதவுக்கு வெளியே மைதானத்தைப் பார்த்த திறந்த படிக்கட்டு. ஒரு பக்கம் மட்டும் இரும்புக் கைப்பிடி. மேல் படிகள் அப்போது காய்ந்துதான் இருந்தன. நானே முன்பு அங்கே நின்றிருக்கிறேன். திரும்ப வர வேண்டுமானால் 'உள்ளே வரலாமா' என்று மரியாதையாகக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் முறை.

"கதவத் தொறடி, விளையாடாத" என்றான். கொஞ்சம் பொறுத்து, "தண்ணி காலுக்கு வந்திடுச்சு" என்றான்.

"கேக்குற மாதிரி கேளு."

"போடி, நீயும் உன் லீடரும்."

அவன் தங்கை எழுந்தாள். "அக்கா, அண்ணனுக்கு நீச்சல் தெரியாது."

கையைத் தூக்கிவிட்டுப் பேசச் சொன்னேன். தூக்கினாள். அதற்குள் கதவிடுக்கில் தண்ணீர் உள்ளே வந்தது. எல்லோரையும் மேசைமேல் ஏற்ற வேண்டியிருந்தது. ஏறிய பிறகும் அவள் கையை இறக்கவில்லை. அவளைப் பேசச் சொல்ல மறந்துவிட்டேன்.

கதவைத் திறந்திருந்தால் வெள்ளம் உள்ளே புகுந்திருக்கும் என்று முதல் நாள் உங்களிடம் சொன்னேன். அது சரியில்லை. உள்ளேயும் முழங்கால் அளவு, வெளியேயும் முழங்கால் அளவு, ஒரே தண்ணீர்தான். எங்களுக்கு ஏறிக்கொள்ள மேசை இருந்தது. அங்கே இழுப்பு இருந்தது.

தூண் தாழ்ப்பாளில் கை வைத்தபடி என்னைப் பார்த்தான். "தொறக்கட்டா?" என்று உதட்டை மட்டும் அசைத்தான். அவ்வளவு பெரிய உடம்பு என்னிடம் அனுமதி கேட்டது. யாராவது ஒருவர் என்னை மீறியிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன். மீறட்டும் என்றுதான் உள்ளுக்குள் காத்திருந்தேன். சொன்ன சொல்லை எப்படித் திரும்பப் பெறுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. வேண்டாம் என்று தலையசைத்தேன். அவன் கையை எடுத்துவிட்டான்.

பிறகு வெளியே பேச்சு நின்றது.

"பாத்தீங்களா, ரேடியோவே திருந்திட்டான்" என்று வகுப்புக்குச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

இருட்டுவதற்குள் படகு திரும்பி வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரையும் உயிரோடு இறக்கினார்கள். ரேடியோவை மறுநாள் மைதானத்து வேலியில் எடுத்தார்கள்.

அவன் கடைசிவரை முறையாகக் கேட்கவே இல்லை என்று சொல்லியிருந்தேன். அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். கேட்டான். கதவோடு வாயை வைத்து, "உள்ளே வரலாமா லீடர்" என்று, மிஸ்ஸிடம் கேட்பதைப் போலவே கேட்டான். எனக்கு நன்றாகக் காதில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கேட்கச் சொன்னேன்.