மேல பாக்கல சார்

சட்டையப் போட்டுக்கலாங்களா டாக்டரம்மா? அந்தப் பசை நெஞ்செல்லாம் ஜில்லுன்னு ஒட்டிக்கிட்டிருக்கு. பரவால்ல, குடுங்க, நானே தொடச்சிக்கிறேன்.

அட, மறுபடியும் வயர மாட்ட வேணாம்மா. உங்க மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்ல. பத்துத் தடவ எடுத்தாலும் இதே கோடுதான் வரும். என் நெஞ்சு நல்லாத்தான் இருக்கு. அதுக்காக நான் கொண்டாந்த லெட்டரும் பொய்யில்ல. இந்த நெஞ்சு எந்த நேரமும் நின்னுரலாம், ஒடனே டாக்டரப் பாருன்னு போட்டிருக்கு, இல்லீங்களா? அதுவும் நெசந்தான். ரெண்டும் எப்படி நெசமாகும்னுதானே பாக்கறீங்க. சொல்றேன்.

எட்டு நாளைக்குள்ள வரச் சொல்லியிருக்குதான். எனக்குப் படிக்க வராதும்மா. மூணாங்கிளாஸோட சரி. எம் பொண்ணு வந்துதான் படிச்சுக் காட்டணும், அவ வர்றதுக்கு நாளாயிருச்சு. அத விடுங்க.

நான் கிரேன் ஓட்டறவன். ரோட்டுல போகுதே, அது இல்ல. ஷெட்டுக்குள்ள, கூரைக்குக் கீழ, ரெண்டு தண்டவாளத்து மேல ஓடும். அதுல ஒரு கண்ணாடிப் பொட்டி தொங்கும். காலைல ஏணி ஏறி அதுல உக்காந்தா சாப்பாட்டு மணி அடிச்சாத்தான் எறங்குவேன். எனக்குப் பட்டப்பேரே மொட்டமாடி.

கீழ ஒருத்தன் நிப்பான். அந்தச் சத்தத்துல கத்தினாலும் காதுல விழாது. அவன் கையக் காட்டுவான், நான் சரக்க நகத்துவேன். விரல மேல தூக்கிச் சுத்தினா, தூக்கு. உள்ளங்கையக் கீழ பாத்து அமுக்கினா, மெதுவா எறக்கு. கைய மடக்கி மூடிக் காட்டினா, அப்படியே புடி, அசையாத. அவன் பேர யாரும் சொல்ல மாட்டாங்க, கைகாட்டிதான். இருபத்திரெண்டு வருஷம் அவன் என் மூஞ்சியப் பாத்தான், நான் அவன் கையப் பாத்தேன். எங்க ரெண்டு பேருக்கும் உறவுன்னு ஒண்ணும் கெடையாது. ஆனா நான் மச்சான்னுவேன், அவன் மாப்ளன்னுவான்.

போன வருஷம் ஒரு ஆபீசர் வந்தாரு. ஆரோக்கிய ஆபீசராம். தொழிலாளி நலத் திட்டம், உங்க ஒடம்புதான் கம்பெனிக்குச் சொத்து, அப்படி இப்படின்னு மைக்ல ஒரு மணி நேரம் பேசினாரு. டீ மிஷின்லேர்ந்து சர்க்கரைய எடுத்தாரு. சுவத்துல ஒரு பொம்பள கண்ண மூடிச் சிரிக்கற படத்த ஒட்டினாரு. கேட்டுக்கும் ஆபீசுக்கும் எரநூறு அடி இருக்கும்மா, அதுக்கே கார்ல வர்ற மனுஷன். அவர்தான் எங்கள நடக்கச் சொன்னாரு.

ஆளுக்கு ஒரு பட்டை குடுத்தாரு, மணிக்கட்டுல கட்டிக்க. எத்தன அடி நடந்தோம், நாடி எப்படி ஓடுது, எல்லாம் அதுவே ஆபீசுக்குச் சொல்லிரும். பத்துப் பேரு ஒரு அணி. நோட்டீஸ் போர்டுல தெனமும் வரிச போடுவாங்க. ஜெயிக்கற அணிக்கு ஒரு நாள் லீவு.

கண்ணாடிப் பொட்டிக்குள்ள உக்காந்திருக்கறவன் எங்கம்மா நடக்கறது? எல்லாரும் எட்டாயிரம், ஒம்பதாயிரம்னு நடக்க, எனக்கு அறநூறு. அதுவும் ஏணி ஏறினது, ஒண்ணுக்குப் போனது. எங்க அணி கடேசி. என்ன மொட்டமாடி, மேல முட்டை கிட்டை போட்டு அட காக்கறியான்னு ஒரு கிண்டல். சின்னப் பசங்க எல்லாம் சிரிக்கறானுங்க.

அப்பதான் கைகாட்டி வந்தான். குடு மாப்ள உன் பட்டைய, நாந்தான் கீழ நாயா அலையறேனே, உனக்கும் சேத்து நடந்துட்டுப் போறேன்னான். அவனோடத முழுக்கைச் சட்டைக்கு மேல கட்டினான், நாலு பேரு கண்ணுக்குத் தெரியணும்ல. என்னோடத இன்னொரு கையில, தோலோட கட்டி, கையுறைக்குள்ள மறச்சுக்கிட்டான். ஏணி ஏறறதுக்கு முன்னாடி நான் கழட்டிக் குடுப்பேன், எறங்கினதும் வாங்கிக்குவேன். தோல்ல பட்டாத்தான் நாடி தெரியுமாம், துணி மேல இருந்தா அடிய மட்டுந்தான் எண்ணுமாம். அது அப்ப எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.

மூணு மாசம் அப்படியே ஓடுச்சு. ஒரு மாசம் அதிகமா நடந்த ஆளுன்னு என் போட்டோவப் போர்டுல ஒட்டினாங்கம்மா! உக்காந்தே தேஞ்ச ஆளு நான். இவன் அதுக்குக் கீழ நின்னு கை தட்றான். நான் மேலேர்ந்து பாத்துச் சிரிச்சேன்.

அப்பறந்தான் அந்தக் காலை. தகட்டுக் கட்டு ஒண்ணு அந்தரத்துல தொங்குது. இவன் லாரியச் சுத்தி நடந்துக்கிட்டே கைய மூடிக் காட்டறான், நான் அசையாமப் புடிச்சிருக்கேன். சங்கிலி அறுந்துச்சு. கட்டு நேரா லாரி மேல. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தாரு, இல்லாட்டி அப்பளந்தான். அந்தச் சங்கிலிய மாத்துங்கன்னு மூணு தடவ சொல்லியிருக்கேன். ஆனா சங்கிலின்னா கம்பெனி மேல தப்பு வரும், ஆளுன்னா வராதுல்ல? பட்டைக் கணக்க எடுத்து வந்தாங்க. சங்கிலி அறுந்த பத்து மணி இருபதுக்கு நான் ஷெட்டுக்குள்ள நடந்துக்கிட்டிருந்தேனாம். சரக்கத் தொங்க விட்டுட்டு எறங்கிப் போயிட்டேனாம்.

விசாரணைல சொன்னேன், சார், பட்டை எங்கிட்ட இல்ல, கைகாட்டி கையில இருந்துச்சுன்னு. அவனக் கூப்புட்டாங்க. பட்டைய மாத்திக் கட்டினா வேல போயிரும்னு ஆபீசர் மொதல்லயே நோட்டீஸ் ஒட்டியிருந்தாரு. இவனுக்கு ரிட்டயராக ஏழு மாசம். உள்ள வந்தான், நின்னான். மேசையப் பாத்துக்கிட்டே, எனக்கு ஒண்ணும் தெரியாது சார்னான். சரி, அந்த நேரம் இவர் மேல இருந்தாரான்னு கேட்டாங்க. அப்ப இவரு எங்க இருந்தாருன்னு தெரியாது, நான் மேல பாக்கல சார்னான்.

என்னப் போயி இவருன்னான்மா. இருபத்திரெண்டு வருஷம் மாப்ள. அன்னைக்கு இவரு.

மேல பாக்காம யாருக்குடா கையக் காட்டின, காத்துக்கான்னு கேட்டிருக்கணும். இப்ப தெனம் வீட்டுல சுவத்தப் பாத்துக் கேக்கறேன். ரெண்டு மாசமா வேல இல்ல. அடுத்த வாரம் கடேசி விசாரணை, அதோட சீட்டக் கிழிச்சிருவாங்க.

ஆமாம்மா. இப்பப் புடிச்சுட்டீங்க. பழைய கணக்கெல்லாம் பாத்துட்டு ஆபீஸ்லேர்ந்து லெட்டர் போட்டிருக்காங்க, பட்டை என் பேர்ல இருக்கறதால எனக்கு வந்துருச்சு. அதுல இருக்கற நெஞ்சு அவனோடது.

சரிதான், நீங்க இந்தக் கோட்டப் பாத்து, இது அந்த ஆள் நெஞ்சு இல்லன்னு எழுதிக் குடுத்தாப் போதும், பட்டை வேற ஒருத்தன் கையில இருந்துச்சுன்னு ஆயிரும். எனக்கு வேல திரும்பக் கெடைக்கும். எம் பொண்ணும் அன்னைக்கே இதத்தான் சொன்னா, லெட்டரப் படிச்ச ஒடனே...

ம். ஆமா. வந்த அன்னைக்கு சாயந்தரமே படிச்சுட்டா. நாளாச்சுன்னு சும்மா சொன்னேன். இருபத்திமூணு நாளா இந்தப் பாக்கெட்லதான் இருக்கு. யாரோட நெஞ்சுன்னு அவ படிச்சு முடிக்கறதுக்குள்ள எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போய்ச் சொல்லுப்பான்னு அழுதா. நிக்கட்டும்னேன். அந்த நெஞ்சு நின்னாத்தான் என்னன்னேன்.

அப்படிப் பாக்காதீங்கம்மா. நேத்து பஸ் ஸ்டாப்ல அவனப் பாத்தேன். ஸ்டாப்புக்கு நாலு படிதான், அத ஏற முடியாமக் கம்பியப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டான். மூஞ்சியெல்லாம் வேர்வ. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம். என்னப் பாத்தான். மேலதான் பாக்கல, எதுத்தாப்புல பாத்தான். பாத்துட்டு கைய மடக்கி மூடினான். எனக்குக் காட்டினானா, வலில மூடினானா, தெரியல. என் கால் நின்னுருச்சும்மா, பழக்க தோஷம். அவன் விரல விரிக்கற வரைக்கும் நகரல. பஸ்ஸுகூடப் போயிருச்சு.

அந்தச் சர்டிபிகேட் கெடக்கட்டும், அப்பறம் எழுதுங்க. மொதல்ல அவனுக்குப் போன் போடுங்க. நான் வந்தேன்னு சொல்லிராதீங்க, ரோஷக்காரன், வர மாட்டான். கம்பெனி நலத் திட்டத்துலேர்ந்து பேசறோம், இன்னைக்கே வந்து பாத்துக்கணும்னு சொல்லுங்க. அதுக்குன்னா ஓடி வந்துருவான்.

நானா? நான் எதுக்குப் பேசறேன்? நான் அவங்கூடப் பேசறதில்லம்மா. அவன் பொழைக்கணும், அவ்வளவுதான். பொழச்சு வந்து அதே விசாரணை ரூம்ல, மேசையப் பாக்காம என் மூஞ்சியப் பாத்துச் சொல்லணும், மேல பாத்தேன் சார்னு. செத்துட்டா எனக்கு யாரு சொல்லுவா?

நம்பர் மனப்பாடமாத் தெரியும். சொல்றேன், எழுதிக்கங்க.